மாதா பெனால்டி

ஜூலை 28, திங்கள்

இன்று பள்ளியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் ஆஃப்சைடு சொல்லிக் கொடுத்தேன். ஒருத்திக்கும் புரியவில்லை. வீட்டுக்கு வந்தால் ஜூடு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இத்தாலியில் அவருடைய உயிரான வால்மரினா கிளப்பின் பெரிய மனுஷர்கள், எந்த ஆட்டத்துக்கு எந்த ரெஃப்ரி வரவேண்டும் என்று போனிலேயே பேசி முடித்திருக்கிறார்களாம். போலீஸ் ஒட்டுக்கேட்டது முழுக்க வெளியே வந்துவிட்டது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தும் என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டார் என்றால் விஷயம் பெரியதுதான்.

விளாங்குடியில் இருக்கிற ஆளுக்கு இத்தாலி கிளப் மேல் என்ன பாசம் என்று கல்யாணமான புதிதில் என் தங்கச்சி கேட்டாள். அங்கேயிருந்து ஒரு பங்குக் கோயில், எங்கள் மாதா கோயிலுக்குப் பழைய துணி மூட்டை அனுப்பியிருக்கிறது. அவிழ்த்தால் உள்ளே பச்சை மஞ்சள் ஜெர்சிகள். அன்றிலிருந்து கோயில் டீமுக்குப் பெயர் 'விளாங்குடி வால்மரினா'. இப்போது கேப்டன் இவர்தான். வயிறு முன்னால் ஓடும், இவர் பின்னால் ஓடுவார்.

ஆகஸ்ட் 2, சனி

சாயங்காலம் அசோக்குமார் வந்திருந்தார். தல்லாகுளத்தில் ஜூடோடு ஒரே ஆபீஸ், ஆனால் எதிரிக் கிளப்பின் ரசிகர். சந்தோஷத்தை மறைக்க அவர் பட்ட பாடு! என் வாழைக்காய் பஜ்ஜியை ஆளுக்கு ஒரு தட்டு காலி செய்துகொண்டே சண்டை.

"மாப்ள, கப்பைப் பிடுங்கிட்டு ரெண்டாம் டிவிஷனுக்குத் தள்ளணும். அம்புட்டுத்தான்."

"கிளப் என்னடா பண்ணும்? விசில் யார் வாயில இருக்கு? அந்த ரெஃப்ரிகளத் தூக்கி உள்ள போடணும்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "சில ஆட்டத்துல ரெஃப்ரி நிஜமாவே தப்பாப் பாத்திருக்கலாம்லங்க?" என்றேன்.

"தப்பாப் பாக்குற ரெஃப்ரின்னு ஒருத்தன் கிடையவே கிடையாது. வாங்குன ரெஃப்ரி, வாங்காத ரெஃப்ரி. ரெண்டே சாதிதான்" என்றார் ஜூடு.

"நானும் ரெஃப்ரிதான்."

"நீ ஸ்கூல் பிள்ளைகளுக்கு ஊதுறவ. அது வேற."

வேறயாம்! மாவட்டத் தேர்வில் பாஸ் செய்து சான்றிதழை ஹாலில் மாட்டியிருக்கிறேன். அதற்கு அடியில் உட்கார்ந்துகொண்டுதான் இந்தப் பேச்சு. அடுத்த ஈடு பஜ்ஜி போடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தன் ஜெர்சியை மடித்து பீரோவில் என் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்துவிட்டார். துக்கம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மனசு துள்ளுகிறது! திருவிழாக் கமிட்டிச் செயலாளர் ராயப்பன் சார் வீட்டுக்கே வந்தார். வழக்கமாக விசில் ஊதும் மலைச்சாமி சாருக்கு முழங்காலில் ஆபரேஷனாம். "இந்த வருசம் மாதா கப்பு ஃபைனலுக்கு நீதாம்மா ஆன்சி ரெஃப்ரி" என்றார். ஆம்பளைகள் ஆடும் ஆட்டம், அதுவும் ஊரே கூடி நிற்கிற ஃபைனல்! வேண்டாம் என்பேனா?

காபியைக் குடித்துவிட்டு வாசலில் செருப்பைப் போடும்போதுதான் சொன்னார். "வழக்கம் தெரியும்ல? மாதா பெனால்டி."

தெரியாமல் என்ன? ஃபைனலில் நம் கோயில் டீம் பின்தங்கியிருந்தால், முடிகிற நேரத்தில் நம் ஆள் ஒருவர் கோல் பக்கம் போய் விழுவார். ரெஃப்ரி ஊதுவார். கோல் விழுந்து சமமானாலே ஆட்டம் முடிந்தது, கப்பு கோயில் டீமுக்கு. மாதா கப்பு மாதா காலடியில்தான் இருக்கவேண்டும், அப்போதுதான் தேர்பவனி களை கட்டும் என்பது நம்பிக்கை. எதிர் டீமும் சிரித்துக்கொண்டே ஒதுங்கி நிற்கும். ஒவ்வொரு வருஷமும் பெண்கள் பக்கம் நின்று நானும் கைதட்டிச் சிரித்திருக்கிறேன். அப்போது விசில் என் வாயில் இல்லை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

இத்தாலியில் தீர்ப்பு வந்துவிட்டது. வால்மரினாவின் பட்டம் போச்சு, ரெண்டாம் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள். ஜூடு எங்கள் ஃபுட்பால் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு முழ நீளத்துக்கு எழுதியிருந்தார் - நேர்மை, விளையாட்டின் ஆன்மா, இன்னும் என்னென்னமோ.

படித்துவிட்டுக் கேட்டேன். "அப்ப மாதா பெனால்டி?"

"அது வழக்கம்டி. இது ஊழல்."

"என்ன வித்தியாசம்?"

"அங்க ரெஃப்ரிக்குப் போன் போட்டுப் பேசியிருக்காய்ங்க. இங்க யாராச்சும் போன் போட்டாங்களா?"

"இல்ல. வீட்டுக்கே வந்து காபி குடிச்சிட்டுச் சொல்லிட்டுப் போறாங்க."

குளிக்கப் போய்விட்டார். பதில் இல்லாவிட்டால் மனுஷனுக்கு உடனே குளிக்கவேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அரையிறுதி முடிந்தது. ஃபைனலில் கோயில் டீமோடு மோதப்போவது மேலக்கண்மாய்ப்பட்டி. போன வருஷமும் அவர்கள்தான், அதற்கு முந்தின வருஷமும் அவர்கள்தான். எல்லாரும் நாகமலைக்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பையன்கள், காற்று மாதிரி ஓடுகிறார்கள். கேப்டன் பேயாண்டிக்கு மல்லிகைத் தோட்டம். ஆட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"டீச்சர், ஒரு உதவி. அந்தப் பெனால்டியக் கொஞ்சம் முன்னாடியே குடுத்துருங்களேன். கடைசில குடுத்தா எங்க பயலுகளுக்குக் கடைசி பஸ்ஸு போயிருது."

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. நிஜமாகவே கேட்டார், ரொம்பப் பணிவாக. எனக்கு முகம் சுண்டிப் போயிற்று. இம்புட்டு நல்லா ஆடுகிற டீம், தோற்கிற நேரத்தைத்தான் கேட்டு வாங்குகிறது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கொடியேற்றம். மாதாவைப் பார்த்து நேராகவே கேட்டேன்: உங்களுக்கு அந்தப் பெனால்டி வேணுமாம்மா? ராயப்பன் சார்தான் சொல்கிறார், நீங்கள் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

செப்டம்பர் 3, புதன்

கமிட்டி டீமின் பெயரை மாற்றிவிட்டது. ஊழல் கிளப்பின் பெயர் கோயில் டீமுக்கு வேண்டாமாம். பச்சை மஞ்சளும் கிடையாது, மாதா படம் போட்ட நீல பனியன்தான். பெயரில் மட்டும் நேர்மை வந்துவிட்டது.

ராத்திரிச் சாப்பாட்டில் ஜூடு, "என்ன முடிவு பண்ணிருக்க?" என்றார்.

"ஃபவுல் இருந்தாப் பெனால்டி. இல்லன்னா இல்ல."

"சொந்தப் பொண்டாட்டியே குடுக்கலன்னா ஊரே சிரிக்கும்டி."

"சொந்தப் பொண்டாட்டி குடுத்தா மட்டும் அழுகுமா?"

ராயப்பன் சாரும் போனில் கூப்பிட்டு, "கஷ்டம்னா சொல்லிரும்மா, வேற ஆள் பாத்துக்கிருவோம்" என்றார். மாட்டேன். விசிலைக் கொடுத்துவிட்டால் இனி இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அதைக் கையால் தொடமுடியாது. பெனால்டி கொடுக்காவிட்டால் வீட்டில் யார் என்னோடு பேசப்போகிறார்கள்? பயமாகத்தான் இருக்கிறது.

செப்டம்பர் 7, ஞாயிறு

விசிலை இன்னும் கழுத்திலிருந்து கழற்றவில்லை.

மேலக்கண்மாய்ப்பட்டி முதல் பாதியிலேயே கோல் அடித்துவிட்டது. ரெண்டாம் பாதியில் ஜூடு பந்தோடு உள்ளே வந்தார், பக்கத்தில் ஆளே இல்லை, தொப்பென்று விழுந்தார். விழுந்த இடத்திலிருந்தே என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். சமையலறையில் உப்பு எங்கே என்று கேட்பாரே, அதே பார்வை. மஞ்சள் அட்டையை எடுத்துக் காட்டினேன். என் புருஷனுக்கு, நான், ஊருக்கு நடுவில்.

சத்தம் அடங்கவில்லை. முடியப் போகிற நேரம், மறுபடியும் உள்ளே வந்தார். மறுபடியும் விழுந்தார். இந்தத் தடவை நான் ஊதவும் இல்லை, பக்கத்தில் போகவும் இல்லை. ஆட்டம் முடிந்தது. 1-0.

பேயாண்டியின் ஆட்களுக்கு ஜெயித்ததுகூடத் தெரியவில்லை, இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்று நின்றார்கள். பின்னாலிருந்து யாரோ, "பொம்பள கையில விசிலக் குடுத்தா இப்பிடித்தான்" என்றான். கப்பை வாங்கிய பேயாண்டி நேராகக் கோயிலுக்குள் போய் மாதா காலடியில் வைத்தார். "தேரு கிளம்புற வரைக்கும் இங்கயே இருக்கட்டும், பெறகு எடுத்துக்கிறோம்" என்றார்.

செப்டம்பர் 8, திங்கள்

திருவிழா. பிரியாணி. வீட்டில் மௌன விரதம்.

செப்டம்பர் 11, வியாழன்

சாயங்காலம் பள்ளிக்கூட வாசலில் பேயாண்டி நின்றார், வாழை இலையில் கட்டிய மல்லிகையோடு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நான்தான் அசட்டுத்தனமாகச் சிரித்தேன்.

"டீச்சர், சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்காது. அந்த ரெண்டாவது தடவ... நாந்தேன் கால விட்டேன். அண்ணன் நடிக்கல."

எப்படி பஸ் ஏறினேன், எப்படி வீடு வந்தேன் என்று தெரியவில்லை.

நான் பாக்கல. சத்தியமா பாக்கல. பாக்கலையா? இல்ல, பாக்கவே கூடாதுன்னு இருந்தேனா? அவர் பந்த வாங்குன உடனேயே என் மனசு இல்லன்னு சொல்லிருச்சே - காலே படுறதுக்கு முன்னாடி! வாங்குன ரெஃப்ரி முன்கூட்டியே முடிவு பண்ணிட்டு வருவான். நான் மட்டும் என்ன பண்ணேன்? யாரும் வாங்கல என்னைய. என் வீம்புதான் வாங்கிருச்சு.

மல்லிகையைத் தலையில் வைக்கவில்லை. சொம்பில் போட்டு வைத்திருக்கிறேன், வீடெல்லாம் மணக்கிறது, அதுவும் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையிலேயே சொல்லிவிட்டேன். "அது ஃபவுல்தான். பேயாண்டி சொல்லிட்டாரு."

ஜூடு இட்லியைப் பிட்டுக்கொண்டே, "தெரியும்" என்றார்.

அசோக்குமார் போனில் படம் பிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையே இவருக்கு வந்துவிட்டது. காட்டினார் - கால் பட்டது தெளிவாகத் தெரிகிறது, குருடிக்கும் தெரியும். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இத வச்சிக்கிட்டா இம்புட்டு நாள் வாயத் தொறக்காம இருந்தீங்க? குரூப்ல போட்டிருக்கலாம்ல?"

"போட்டா என்ன சொல்லுவாய்ங்க? பேயாண்டி கிட்ட நீ எதையோ வாங்கிட்டன்னு சொல்லுவாய்ங்க."

"நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் என்ன சொல்ல? நீ தப்பாப் பாத்த. அம்புட்டுத்தான்." சட்னியைத் தொட்டுக்கொண்டார். "முதல் தடவ நான் நடிக்காம இருந்தா, ரெண்டாவது தடவ நீ நம்பியிருப்ப."

தப்பாகப் பார்க்கிற ரெஃப்ரி என்று ஒருத்தன் கிடையவே கிடையாது என்று சொன்ன மனுஷன்! அழுகை வந்துவிட்டது. இவரை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, இதை நேரில் சொன்னால் தலைகால் புரியாது, அதனால் இங்கேயே இருக்கட்டும்.

செப்டம்பர் 13, சனி

குரூப்பில் நானே போட்டேன். 'ஃபைனலில் ரெண்டாவது தடவை நடந்தது ஃபவுல்தான். பெனால்டி கொடுத்திருக்க வேண்டும். தவறு என்னுடையது - ஆன்சி.' வீடியோவையும் சேர்த்து.

என்னென்ன வந்தது! 'முதலிலேயே சொன்னேன்' என்று பலர். கப்பைத் திருப்பி வாங்கு என்று சிலர். அசோக்குமார், 'இத்தாலியில ஒருத்தனாவது இப்பிடி எழுதினானா?' என்று போட்டார். கடைசியில் பேயாண்டியின் குரல் பதிவு: "கப்பக் குடுக்க மாட்டோம், அய்யனாருக்கு மாலை போட்டு முன்னாடி வச்சாச்சு. ஆனா வாங்க, எங்க ஊர்ல மறுபடி ஆடுவோம். யாரு ஜெயிக்கிறாகளோ அவுகளுக்குக் கப்பு. ஒரே கண்டிசன், டீச்சர்தேன் ஊதணும்."

செப்டம்பர் 17, புதன்

விடிவதற்குள் ஜூடு மைதானத்துக்கு ஓடப் போய்விட்டார். டீமே வந்ததாம். கேப்டன் ஆன நாளிலிருந்து இவர் பயிற்சிக்குப் போய் நான் பார்த்ததில்லை. எதற்குப் போகவேண்டும், பெனால்டிதான் இருந்ததே. இப்போது முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டு, "அம்மா" என்கிறார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

மேலக்கண்மாய்ப்பட்டியில், தண்ணீர் வற்றிய கண்மாய்க்குள் ஆட்டம். கோல் கம்பத்துக்கு மூங்கில். நடுவே மேய்ந்த ஆடுகளை விரட்டி, புழுக்கையைக் கூட்டித் தள்ளிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். கப்பை அய்யனார் கோயிலிலிருந்து மாலையோடு கொண்டுவந்து வரப்பில் வைத்தார்கள். ஜூடு பீரோவிலிருந்து ஜெர்சியை எடுத்திருந்தார். பச்சை மஞ்சள். "ரெண்டாம் டிவிஷனோ மூணாம் டிவிஷனோ, நம்ம டீமு நம்ம டீமுதான்" என்றார். ராயப்பன் சார் பார்த்தார், கையிலிருந்த நீல பனியனை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

நம்ம ஆட்கள் இம்புட்டு நன்றாக ஆடி நான் பார்த்ததில்லை. இருந்தாலும் 2-1 என்று பின்தங்கியிருந்தோம். கடைசி நேரம். ஜூடு பந்தோடு உள்ளே வந்தார், பேயாண்டி குறுக்கே பாய்ந்தார், ரெண்டு பேரும் புழுதியில் உருண்டார்கள். எனக்கு ஃபவுல் மாதிரிதான் தெரிந்தது. விளாங்குடிக்காரர்கள் எல்லாரும் "பெனால்டி!" என்று கத்தினார்கள். விசிலை வாயில் வைத்துவிட்டேன்.

ஜூடு எழுந்தார். வாயில் போன மண்ணைத் துப்பினார். என்னைப் பார்த்து ரெண்டு கையையும் ஆட்டினார்.

"இல்ல ரெஃப்ரி, இல்ல. படல. நானாத்தான் விழுந்தேன்."

ஆட்டம் 2-1 என்றே முடிந்தது. கப்பு அய்யனாரிடமே போயிற்று. ஸ்கூட்டரில் வரும்போது இவருடைய முதுகெல்லாம் கண்மாய்ச் செம்மண், என் சுடிதாரிலும் அப்பிக்கொண்டது. ஜெர்சியை ஊறப் போட்டிருக்கிறேன். ரெண்டு வாளித் தண்ணீர் மாற்றியும் சிவப்பு இறங்கிக்கொண்டே இருக்கிறது.