முக்கால் கட்டை இறங்கிய குரல்

நாள் 1090. நிலைய நேரம் காலை 8.10
வியாழன் கிரகத்தின் நிலாவான காலிஸ்டோ, சிக்னல் நிலையம். பணியில் செல்வின் ஞானதுரை, ஒற்றை ஆள், ஊர் தூத்துக்குடி. ஆன்டெனா மூன்றும் சரி. காற்று சரி. வெளியே மைனஸ் நூற்று நாற்பது. இதை எடுத்துப் படிக்கிறவர் யாரோ, வணக்கம்வே. எனக்கு இன்னும் பதினோரு நாள்தான். பாறை ஏற்ற வரும் ஆளில்லாக் கப்பலில் ஒரே ஒரு சீட். அது எனக்கு. பதினாலு மாதம் தூங்கிக்கொண்டே ஊர் போய்ச் சேரலாம்.

என் வீட்டுக்காரி பெனிட்டாவின் பாட்டு வந்திறங்கியது. எங்கள் கோயிலில் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு. ஆர்கன், கிட்டார், ஆண் மேல்குரலான டெனர் மூன்றும் நான் இங்கே பதிந்தவை. என் டெனரை மட்டும் முன்னாலேயே அனுப்பியிருந்தேன், அதை ஹெட்போனில் கேட்டுக்கொண்டே அவள் பெண் மேல்குரலான சோப்ரானோ பாட வேண்டும் என்று. நாலு டிராக்கையும் சேர்த்து ஓட்டுவதுதான் பாக்கி.

நாள் 1090. மாலை 4.30
ஓட்டினேன். சொதப்பல். முதல் வார்த்தையில் சேர்ந்து நிற்கிறாள், பல்லவி முடிவதற்குள் ஒரு வரி பின்தங்குகிறாள். முடிவில் மற்ற மூன்று டிராக்கும் ஆமென் சொல்லி உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறாள். சுருதியும் முக்கால் கட்டை கீழே.

நாள் 1091. காலை 10.00
பஃபரைக் கூட்டினேன். எஃபெக்ட் எல்லாவற்றையும் அணைத்தேன். வேறு டிஸ்க்குக்கு மாற்றினேன். சவுண்ட் கார்டு டிரைவரை அழித்துவிட்டுத் திரும்பப் போட்டேன். ஒன்றும் அசையவில்லை. ஃபைலே மெதுவாக ஓடுகிறதோ என்று பார்த்தேன். ஆரம்பத்தில் "ஒண்ணு, ரெண்டு, கேக்குதா அத்தான்?" என்கிறாள். அது அச்சு அசல் அவள் பேச்சு. ஆக ஃபைலில் கோளாறு இல்லை. அவளேதான் மெதுவாக, இறக்கிப் பாடியிருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாகச் சுருதி பிசகாதவள்.

நாள் 1092. பகல் 2.15
அவள் டிராக்கை மட்டும் தனியாக ஓட்டினேன். மூச்சு எடுக்கிற இடைவெளியில் ஏதோ கரகரக்கிறது. சத்தத்தைக் கூட்டினேன்.

ஆம்பளைக் குரல். கட்டைக் குரல். மெல்லப் பாடுகிறது.

நாள் 1092. பகல் 3.00
நாற்பது தடவை கேட்டுவிட்டேன். அந்தப் பயல் என் வரியைப் பாடுகிறான். டெனர் வரியைக் கட்டைக் குரலில் இழுக்கிறான். அவள் அவன் தாளத்தில், அவன் சுருதியில் போகிறாள். என் தாளத்தில் இல்லை.

நாள் 1093. காலை 9.20
ராஜசிங். வேறு எவன்? நான் கிளம்பின பிறகு பாடகர் குழுவில் சேர்ந்தவன், பேஸ் என்கிற அடிக்கட்டைக் குரல்காரன். "என்ன குரல் அத்தான், ஆர்கனே தேவையில்ல" என்று போன வருஷம் அவளே சிலாகித்தாள். அன்றைக்கே எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டில், நான் வாங்கிப் போட்ட மைக் முன்னால், அவள் தோளை ஒட்டி நின்று பாடியிருக்கிறான். ஆன்டெனா சோதனை செய்யவில்லை. சவத்தெ, கிடக்கட்டும்.

நாள் 1095. காலை 11.40
கேட்டே விட்டேன். "பாடும்போது பக்கத்தில் யார் இருந்தது?" போக நாற்பத்து மூன்று நிமிடம், வர நாற்பத்து மூன்று. பதில் வந்தது.

"பக்கத்துல யாரு இருக்கா? நீங்கதான் அத்தான்."

சிரிப்பு வேறு. என்னை எவ்வளவு பெரிய கோட்டிக்காரன் என்று நினைத்திருக்கிறாள்!

நாள் 1097. பகல் 12.05
கம்பெனியிலிருந்து: "செல்வின் சார், கிளம்புறதை உறுதி பண்ணுங்க. விருப்பப்பட்டா இன்னொரு தவணை இருக்கலாம். அடுத்த கப்பல் மூணு வருஷம் கழிச்சு."

இருக்கிறேன் என்று அடித்தேன். வீட்டில் நாங்கள் சொல்லவா என்று கேட்டார்கள். நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன். சொல்லவில்லை. இறங்குகிற இடத்துக்கு அவனையும் கூட்டிக்கொண்டு வரட்டும். காலி சீட்டைப் பார்த்து ரெண்டு பேரும் முழிக்கட்டும்.

நாள் 1101. இரவு 7.30
கப்பல் போய்விட்டது. பாறை முப்பது டன். ஆள் இல்லை. மாலையில் அவளிடமிருந்து குரல்செய்தி. திறக்கவில்லை.

நாள் 1103. பகல் 1.10
வேலையை அரைகுறையாகப் போட என்னால் முடியாது. அவள் டிராக்கைச் சுருக்கி என் டிராக்கோடு பொருத்தினேன். இருநூறு விநாடிப் பாட்டு அவளிடம் இருநூற்றுப் பதினேழரைக்குச் சற்று மேல். சாஃப்ட்வேர் விகிதம் காட்டியது.

1.088

ஐயோ.

நாள் 1103. பகல் 1.40
ஸ்டுடியோவில் வேலை பார்த்த எவனுக்கும் இந்த எண் தெரியும். நாற்பத்தெட்டாயிரத்தை நாற்பத்து நாலாயிரத்து நூறால் வகுத்தால் வருவது. இங்கே நான் பதிவது விநாடிக்கு நாற்பத்தெட்டாயிரம் சாம்பிள், அத்தனை ஒலித் துண்டு. அவள் கம்ப்யூட்டர் நாற்பத்து நாலாயிரத்து நூறு. என் ஃபைலை அது மாற்றிக்கொள்ளாமல் அப்படியே ஓட்டினால் என் குரல் மெதுவாகும், கட்டையாகும். தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அங்கே அணைத்து வைத்துவிட்டு வந்தவன் நான்தான்.

அந்தக் கரகரப்பை மட்டும் வெட்டி எடுத்து வேகம் கூட்டினேன். நான். அவள் ஹெட்போனிலிருந்து மைக்கில் கசிந்த என் டெனர். "நீங்கதான் அத்தான்" என்று அவள் சொன்னது சத்தியம்.

நாள் 1103. பகல் 2.00
குரல்செய்தியைத் திறந்தேன்.

"அத்தான், கப்பல் கிளம்பிட்டுன்னு போட்டிருக்காங்க. தூங்கியிருப்பீங்க, முழிச்சதும் கேளுங்க. உங்க குரல் ஏன் அப்படிக் கம்மிப்போய் இழுத்துச்சு? சளியா? பாவம், உங்களுக்குத் தோதா நானும் இறக்கிப் பாடிட்டேன், கேலி பண்ணாதீங்க. இந்த லைனை இன்னையோட மூடச் சொல்லிட்டேன், இனி எதுக்கு? பதினாலு மாசம் கழிச்சு கேட் முன்னாடியே நிப்பேன். பச்சை சேலை கட்டியிருப்பேன், தேடாதீங்க."

நாள் 1103. மாலை 5.30
மூன்று தடவை அனுப்பினேன். மூன்று தடவையும் ஒரே பதில்: "இந்த இணைப்பு மூடப்பட்டது."

நாள் 1104. காலை 8.00
கம்பெனி ஒரு போன் போட்டு அவளிடம் சொல்லிவிடும். நான் எழுதினால் போதும். என்னவென்று எழுத? உன் புருஷன் வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்பாளே. தன் குரலையே இன்னொருத்தன் குரல் என்று நினைத்து அவனே

எழுதியதை அழித்துவிட்டேன்.

நாள் 1119
ஆன்டெனா மூன்றும் சரி. காற்று சரி.
கம்பெனிக்கு இன்னும் எழுதவில்லை.

நாள் 1340
எழுதவில்லை.