கிளின்டின் பெருவிரல் கறை

மார்வா கண்ணு,

நான் மினுக்கிய தோட்டாக்கூட்டைப் பார்த்து இன்றைக்குச் சூரியனே வெட்கப்பட்டு மேகத்துக்குள் ஒளிந்துகொண்டது!

ஆமாம், நம்ம பையன் கிளின்ட் கடைசி மான் வேட்டையில் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடுதான். பச்சைக் களிம்பு ஏறிவிட்டதே. "அதுல பதிஞ்ச அவன் பெருவிரல் கறை அழிஞ்சுச்சுன்னா உன் மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்"னு நேற்றுக் கத்தினாயே, பயப்படாதே. மினுக்குவதற்குப் போடும் வால்நட் ஓட்டுத் தூள்தான் கறையையும் சுரண்டும். நான் மெத்தென்ற மக்காச்சோளக் கட்டைத் தூளில் உருட்டினேன். களிம்பு போச்சு, கறை இருக்கு. மேசைமேல் பார்.

சூப் அடுப்பில். அவன் கல்லறைக்குப் பூ வைக்கப் போகிறேன்.

ஓரின்

பி.கு.: கண்ணாடி போட்டுக்கொண்டு பார்!

(அடியில், மார்வாவின் கையெழுத்தில்)

யோவ் கிழவா, வெளியே மேகமூட்டம்தான். பிள்ளையோட விரல் தடமும் இருக்குய்யா. அதுமேல என் விரலை வச்சுக்கிட்டுதான் உக்காந்திருக்கேன்.