கிளம்பினால் ஒரு டொக், நின்றால் ஒரு டொக்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கும் அந்தச் சத்தம். வாசலில் வண்டியை எடுத்ததும் அடியில் ஒரு டொக். கடைத்தெருவில் போய் நிறுத்தியதும் இன்னொரு டொக். நடுவில் ஒன்றுமில்லை, சமர்த்தாக ஓடுகிறது.

எடைக்கட்டிகள்தான் ஆடுகின்றன என்று நினைத்தேன். தராசு சரியாக நிற்கிறதா என்று சோதிக்கிற இரும்புக் கட்டிகள், ஒவ்வொன்றும் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி கனக்கும். எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தேன். காலி வண்டியிலும் டொக். இறக்கியதும் நான், திரும்ப ஏற்றியதும் நான். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

ஜூன் 5, வியாழன்

மீசை மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு இந்த இரண்டு வருஷமாக வண்டியைப் பார்த்துக்கொள்வது இந்த மீசைதான். நான் சொல்வதை மீசை காதில் வாங்கவில்லை. "அம்மா, நீங்க உக்காருங்க, நான் ஓட்டிப் பாக்கிறேன்" என்று சாவியை வாங்கிக்கொண்டார். நாற்பது வருஷமாக மலை ரோட்டில் ஓட்டியவள், பெஞ்சில் உட்கார்ந்து பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எஞ்சின் மவுண்டிங் போச்சு" என்றார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர் கட்டையை மாற்றினார்கள்.

வீட்டுக்கு வந்து பிரேக் போட்டேன். டொக்.

ஜூன் 9, திங்கள்

மகன் ஆபீஸ் போகிற அவசரத்தில் படியில் நின்றுகொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

"வித்துடலாம்மா. ஆட்டுப்பண்ணைக்காரர் கேட்டுட்டே இருக்காரு. இந்த வயசுல மலை மேல எங்கேயாவது நின்னு போச்சுன்னா என்ன பண்ணுவ?"

"யாரு வயசு? என் வயசா, வண்டி வயசா?"

"ரெண்டும்தான்."

மருமகள் சமையலறையில் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாய்க்கு வாய் பேசி, கடைசியில் ஒரு ஒப்பந்தம். இந்த மாதம் முடிவதற்குள் சத்தம் எங்கே என்று நான் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் வண்டி ஆட்டுப்பண்ணைக்கு. சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வாய்தான் எனக்கு எதிரி.

வண்டி போனால் மேல்தோட்டத்துத் தராசை யார் போய்ப் பார்ப்பார்கள்? அதை விடு — நான் என்ன செய்வேன்? மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கவா?

ஜூன் 11, புதன்

தூக்கம் வரவில்லை. அவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன்.

தராசு பழுது பார்ப்பது அவர் தொழில், இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். தோட்டம் தோட்டமாகப் போக வேண்டும், மூட்டை நிறுக்கிற கொட்டகையில் மண்டியிட்டுத் தராசைப் பிரித்துப் போட வேண்டும். மழையில் அந்த ரோடுகள் சேறு. அதற்குத்தான் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி வாங்கினோம். ஆனால் அவருக்கு ஓட்ட வராது. கற்றுக்கொள்ளவும் மாட்டேன் என்றுவிட்டார். "ரெண்டு பேரும் ரோட்டையே பாத்துட்டிருந்தா, வெளியில யாரு பாக்கிறது?" என்பார். அப்படியே வெளியில் பார்த்துக்கொண்டுதான் வருவார். "அங்க பாரு, மேகம் கீழ இறங்குது." நான் எங்கே பார்ப்பது? பக்கத்தில் பாதாளம். "நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க, போதும்" என்பேன். சொல்லிக்கொண்டே வருவார். அந்த மலைகளில் பாதியை நான் அவர் வாயால்தான் பார்த்திருக்கிறேன்.

தோட்டத்துக் காவலாளிகளுக்கு ஒரு குழப்பம் வரும். ஓட்டுவது நான் என்பதால் என்னை டிரைவர் என்பதா, அம்மா என்பதா? ஒருவர் "டிரைவரம்மா" என்று ஆரம்பித்தார். அதுவே நிலைத்துவிட்டது. இவரும் வீட்டில் கூப்பிட ஆரம்பித்துவிட்டார். டிரைவரம்மா, காபி இருக்கா?

ஜூன் 14, சனி

மீசை இரண்டாவது தீர்ப்பு: புரொப்பல்லர் ஷாஃப்டில் கிராஸ் தேய்ந்துவிட்டதாம். எஞ்சினிலிருந்து பின் சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகிற நீளத் தண்டு அது. இரண்டு முனையிலும் மூட்டு மாதிரி இருப்பதுதான் கிராஸ். தண்டைக் கழற்றி, கிராஸை மாற்றி, திரும்ப மாட்டினார்கள்.

சத்தம் இல்லை! கடைத்தெரு வரை போய் வந்தேன். இல்லவே இல்லை. மகனிடம் நீட்டி முழக்கினேன். அவன் முகத்தில் சந்தோஷம் ஒன்றும் தெரியவில்லை. "சரிம்மா" என்று மட்டும் சொன்னான்.

ஜூன் 16, திங்கள்

டொக்.

ஜூன் 18, புதன்

மீசைக்கு அலுத்துவிட்டது. "அப்படின்னா கிரவுன்தான்மா. பின் அச்சுல இருக்கிற பெரிய பல்சக்கரம். அதைப் பிரிச்சா சாமான் கிடைக்காது. பேசாம குடுத்துடுங்க." என்னவோ பல் பிடுங்கச் சொல்கிற மாதிரி சொல்கிறார்.

"கிரீஸ் எல்லாம் ஒழுங்கா அடிக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"மாசா மாசம் வண்டியை நிறுத்தின உடனே நாங்களே அடிச்சிடறோம், கவலையே படாதீங்க."

கவலைப்படாமல் எப்படி இருப்பது? நாளைக்கு நானே பார்க்கிறேன். நாற்பது வருஷம் அந்த சீட்டில் உட்கார்ந்தவளுக்குத் தெரியாததா இவருக்குத் தெரியும்?

ஜூன் 19, வியாழன்

காலியாகக் கிடக்கிற மில் ரோட்டில் காலையில் ஓட்டிப் பார்த்தேன்.

கிளம்பும்போது டொக். நின்று ஒரு நொடி கழித்து டொக். மேடு பள்ளத்தில் இல்லை. ஆகவே ஸ்பிரிங்கைக் குற்றம் சொல்ல முடியாது. வளைவில் இல்லை. நியூட்ரலில் உருட்டினால் இல்லை. நான்கு சக்கர லீவரைப் போட்டாலும் எடுத்தாலும் அப்படியே இருக்கிறது. ஆகவே முன்பக்கம் இல்லை. கிரவுன் போயிருந்தால் ஓடும்போது முனகும். என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். இது முனகுவதில்லை. ஓட்டத்தில் வாயே திறப்பதில்லை.

அதுவும் தண்டைக் கழற்றி மாட்டியதும் இரண்டு நாள் சும்மா இருந்ததே, அது ஏன்? கழற்றும்போது எதையோ அசைத்திருக்கிறார்கள். அசைந்ததும் சரியாகி, திரும்பப் பிடித்துக்கொண்டிருக்கிறது. என்ன அது?

மூளை சூடாகிவிட்டது. மருமகளிடம் சொன்னேன். "அத்தை, எங்க ஆபீஸ்ல இவ்வளவு விசாரணை பண்ணியிருந்தா மூணு பேர் உள்ள போயிருப்பாங்க" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

மத்தியானம் சும்மா வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எஞ்சின் போடவில்லை. எங்கள் முற்றம் வாசலைப் பார்த்துக் கொஞ்சம் சரிவு. கை தானாக ஹேண்ட் பிரேக்குக்குப் போனது, கால் பிரேக் மேல் போனது. எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை.

மாதத்தில் ஒரு ஞாயிறு அவர் அடியில் படுத்துக் கிரீஸ் அடிப்பார். நான் சீட்டில் உட்கார்ந்து வாரப்பத்திரிகை படிப்பேன். கீழேயிருந்து குரல் வரும்: "டிரைவரம்மா, கொஞ்சம் விடு… விடு… பிடி!" நான் பிரேக்கை விட்டுப் பிடிப்பேன். வண்டி அரைச் சக்கரம் உருண்டு நிற்கும். மறுபடி "விடு… பிடி!" ஒரு தொடர்கதை முழுதாகப் படிக்க விட மாட்டார். வெயில் படுகிறது, நிழலுக்கு நகர்கிறார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். "பேசாம ஒரு குடை வெச்சுக்குங்க" என்று கத்தியும் இருக்கிறேன்.

நிழலுக்கு இல்லை! வண்டி உருண்டால் தண்டு சுற்றும். தண்டு சுற்றினால் மேல்பக்கம் ஒளிந்திருப்பது கீழே வரும். அதற்குத்தான் விடு, பிடி. மீசை பட்டறையில் வண்டி நின்ற இடத்தில் நிற்கும், எதிரே தெரிவதற்கு மட்டும் அடிப்பார்கள்.

மருமகளைக் கூப்பிட்டு சீட்டில் உட்கார வைத்தேன். அவளுக்கு சைக்கிள் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

"அத்தை, உங்க மேல ஏத்திட்டேன்னா நான் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு வெளியில போவேன்?"

"நான் இன்னும் அடியில போகல. ஒதுங்கி நின்னு சொன்னப்புறம் விடு. சக்கரத்துக்கு முன்னாடி கல்லு வெச்சிருக்கேன். பயப்படாதே."

விட்டாள். கல்லில் இடித்து நின்றது. அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பாயை விரித்து அடியில் போனேன். முதல் தடவை. நாற்பது வருஷத்தில் முதல் தடவை!

தண்டின் நடுவில், ஒரு குழாய்க்குள் இன்னொன்று நுழைந்து முன்னும் பின்னும் வழுக்குகிற இடம் இருக்கிறது. அங்கே ஒரு மண் கட்டி. இறுகி, இரும்போடு இரும்பாக. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். உள்ளே பட்டாணி அளவில் ஒரு கிரீஸ் நிப்பிள், கிரீஸ் உள்ளே போகிற வாய். கிரீஸ் அடிக்க அடிக்கக் குடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் ஓரத்தில் சிவப்பாகத் துரு கலந்து வழிந்தது. இரண்டு வருஷமாக வறண்டு கிடந்திருக்கிறது, பாவம். வழுக்க வேண்டியது வழுக்காமல் பிடித்துக்கொண்டு, பிடி விட்டதும் இடித்திருக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

மூக்கில் கிரீஸ் சொட்டியது. அந்த வாசனை… அவர் சட்டைக் காலர் வாசனை. வெளியே வராமல் அங்கேயே கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். மருமகள் பயந்துபோய் "அத்தை? அத்தை?" என்றாள். "இருக்கேன் இரு" என்றேன்.

மில் ரோடு வரை ஓட்டினோம். கிளம்பினேன், நின்றேன், கிளம்பினேன், நின்றேன். மருமகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு சத்தமும் இல்லை.

ஜூன் 27, வெள்ளி

இன்றும் இல்லை. மகனிடம் இன்னும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் சொல்லி மூக்கை உடைக்க வேண்டும்.

ஜூன் 30, திங்கள்

ஆபீஸிலிருந்து வந்ததும் சாவியைக் கையில் கொடுத்தேன். "நீயே ஓட்டிப் பாரு." தெருக்கோடி வரை போய்த் திரும்பி வந்தான். நான் பக்கத்தில் வெற்றி வீராங்கனையாக உட்கார்ந்திருந்தேன்.

"சத்தம் இல்ல" என்றான்.

"பின்ன? டிரைவரம்மான்னா சும்மாவா? ஆட்டுப்பண்ணைக்காரர்கிட்ட ஆட்டையே வெச்சுக்கச் சொல்லு."

அவன் சிரிக்கவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"சத்தத்துக்காக விக்கச் சொல்லலம்மா."

"வேற எதுக்கு?"

"சாயங்காலம் வண்டி உள்ள வரும். நான் மாடியில இருப்பேன். சின்ன வயசுலேர்ந்து கேட்டுக் கேட்டுப் பழகிடுச்சு, ரெண்டு கதவு சாத்துற சத்தம். முதல்ல உன் பக்கம். அப்புறம் அப்பா பக்கம். அப்பா மெதுவாத்தான் இறங்குவாரு." என் பக்கத்துக் கதவைப் பார்த்தான். "இப்ப ஒண்ணுதான் கேக்குது. இன்னொண்ணுக்கு நான் தினமும் காத்துட்டிருக்கேன்மா. வர மாட்டேங்குது."

அவர் போன அடுத்த வாரமே ஆபீஸ் போய்விட்டான். ஒரு சொட்டுக் கண்ணீர் நான் பார்க்கவில்லை. கல் நெஞ்சுக்காரன் என்று மருமகளிடமே சொல்லியிருக்கிறேன். ஐயோ, என் பிள்ளை! மாடியில் உட்கார்ந்து கதவுச் சத்தத்துக்குக் காத்திருந்திருக்கிறான்.

இரண்டு பேரும் அழுதோம். நடு முற்றத்தில், வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு.

"வித்துடலாம்டா" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஒரு பிள்ளையைத் தினம் தினம் அறுக்கிற வண்டி எனக்கு எதற்கு?

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டான்.

ஜூலை 3, வியாழன்

ஆட்டுப்பண்ணைக்காரர் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

காலையில் சாவி மேஜை மேல் இருந்தது. மேல்தோட்டத்துத் தராசு நாள் தள்ளிக்கொண்டே போகிறதே என்று கிளம்பினேன். வெளியே வந்தால் மகன் செருப்பு மாட்டிக்கொண்டு வண்டி பக்கத்தில் நிற்கிறான். லீவு நாளில் பத்து மணிக்கு முன்னால் எழுந்திருக்காதவன்.

"நானும் வரேன்."

"அங்க உனக்கு என்ன வேலை?"

"சும்மாதான்."

பின் கதவைத் திறந்து ஏறப் போனான்.

"அங்க எங்கடா உக்காருவ? ஏணி இருக்கு, கருவிப்பெட்டி இருக்கு, சோத்துக்கூடை இருக்கு."

கூடையை மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றான். வேண்டாம் என்றேன். முன்னால் அவர் சீட்டை எட்டிப் பார்த்தான். அப்புறம் சுற்றி முன்னால் வந்து ஏறி உட்கார்ந்தான். நான் என் கதவைச் சாத்தினேன். அவன் பக்கம் பார்க்காமல் காத்திருந்தேன். மெதுவாகத்தான் சாத்தினான்.