கொழுக்கட்டை இன்னும் வேகவில்லை

கோச்சடை, மதுரை
ஞாயிறு

அன்பு மகள் பவதாரிணிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. ஜெர்மனிக்குக் கடிதம் அனுப்ப எத்தனை நாளாகும் என்று காளவாசல் கூரியர் கடையில் விசாரித்தேன். "போன் இல்லையா சார்?" என்றார் கடைக்காரர். இருக்கிறது. ஆனால் உன் அம்மா அதை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச விடுவாள். வாட்ஸப்பையும் எனக்கு முன்னால் அவளே படித்துவிடுவாள்.

பதறாமல் படி. அம்மாவுக்கு மார்பில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. சோதித்ததில் புற்றுநோய்தான். ஆரம்ப நிலை, இந்த மாதமே சிகிச்சை தொடங்கினால் குணமாக நல்ல வாய்ப்பு என்கிறார் டாக்டர் தமிழ்ச்செல்வி. உன்னிடம் வாய் திறக்க மாட்டேன் என்று பாண்டி கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்துவிட்டாள். வாய் திறக்கவில்லை, எழுதுகிறேன்.

சிக்கல் அதுவல்ல. அவள் சிகிச்சைக்கு வர மறுக்கிறாள். காரணம் நான்.

கட்டி தெரிவதற்கு முன்பு ஒருநாள், உன் ஆராய்ச்சி என்னவென்று கேட்டாள். வைரஸ் என்பது உன் சுருளி மாமா மாதிரி, கதவைத் தட்டாமல் நேரே அடுப்படிக்குள் நுழைந்துவிடும் என்றேன். தம்பியைச் சொன்னதற்கு இரண்டு நாள் காப்பி இல்லை. அதனால் கொழுக்கட்டைக்கு மாறினேன். வைரஸின் கெட்ட பூரணத்தை எடுத்துவிட்டு, வெறும் கூட்டுக்குள் புற்றுநோய் மருந்தை வைக்கிறாள் நம் மகள். கூடு கட்டிக்குள் போய் மருந்தை இறக்கும், மற்ற உறுப்புகளுக்குத் தொல்லை குறையும் என்றேன். முப்பத்து நான்கு வருட வாத்தியார் வேலையில் என் உதாரணம் யாருக்கும் இவ்வளவு நன்றாகப் புரிந்ததில்லை.

இப்போது டாக்டரிடமே சொல்லிவிட்டாள்: "எம் மக கொழுக்கட்ட வரட்டும் டாக்டரம்மா. அதுவரைக்கும் உங்க ஊசி வேணாம்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

இன்னும் எலிக்குத்தான் கொடுத்துப் பார்க்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன். "எலிக்குக் குடுக்குறவ பெத்தவளுக்குத் தர மாட்டாளாக்கும்?" என்கிறாள். நோயை உன்னிடம் சொன்னால் உன் கை நடுங்கி வேலை கெட்டுவிடுமாம். அதற்குத்தான் அந்தச் சூடம்.

கடிதம் கிடைத்த அன்றே போன் செய். "கொழுக்கட்ட இன்னும் வேகலம்மா, பத்து வருசமாவது ஆகும்" என்று சொல். அரைவேக்காட்டை உன் அம்மா தானும் தின்ன மாட்டாள், பிறரையும் தின்ன விடமாட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது என் பொறுப்பு.

கொழுக்கட்டை விஷயம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாள். அப்பாதான் எழுதினார் என்று சொல்லிவிடு. திட்டுவாள். திட்டட்டும். நீ செய்வது வெந்து இறங்கும் நாளில், பூரணம் பத்தவில்லை என்று குறை சொல்லவும் அவள் இருக்க வேண்டும் தாயே.

ஆசிகளுடன்,
உன் அப்பா
அழகுபாண்டி