கூண்டுக்குள் பஞ்சாமிர்தம்

நேற்றுக் காலை பல் துலக்கும்போது பாப்பா பேஸ்ட்டை விழுங்கிவிட்டாள். வாயெல்லாம் ஸ்ட்ராபெரி வாசனை. தினமும்தான் விழுங்குகிறாள் போல. டியூபைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். டைட்டானியம் டை ஆக்சைடு. உடனே போனில் உன் நம்பரைத் தேடினேன். நீ காய்ச்சலில் இறந்துபோய் இரண்டு வருடம் ஆகிறது என்பது அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

எம்.எஸ்ஸி. கடைசி வருடம் நாம் எலிகளுக்குக் கொடுத்ததும் அந்த வெள்ளைத் தூள்தான், கண்ணுக்கே தெரியாத நுண்துகளாக. தினமும் தண்ணீரில் கலக்கி நீ வாயில் செலுத்துவாய்; நான் வால் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பேன். தூள் போன எலிகளுக்கு வெறும் வயிற்றிலேயே சர்க்கரை ஏறிக்கொண்டு வந்தது. வெறும் தண்ணீர் குடித்த கூண்டில் ஏறவில்லை. அந்த வித்தியாசம்தான் நம் ஆய்வே.

ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் தண்ணீர்க் கூண்டிலும் ஏறியிருந்தது. இன்னொரு சொட்டு எடுத்துப் பார்த்தேன்; அதேதான். நீ மெதுவாகச் சொன்னாய்: "நான்தான்டி. மலையில விரதத்த முடிச்சிட்டு பஞ்சாமிர்தம் எடுத்தாந்தேன். ராத்திரியிலேர்ந்து பட்டினி கெடந்துகினு என்னையே பாத்துதுங்க. ஆளுக்கு ஒரு துளி."

"அறிவிருக்கா உனக்கு? எலிக்கு யாராவது பிரசாதம் குடுப்பாங்களா?"

"அந்தச் சாமியோட அண்ணன் வண்டிடி அது. எப்படி விடறது?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நோட்டில் அன்றைய பக்கத்தைக் கிழித்துவிடலாம், கைடு சாருக்குத் தெரியாது என்றேன். நீ விடவில்லை. "நாம எழுதறத நம்பி யாரோ பயப்படப் போறாங்க. பயத்தையாச்சும் நெஜமா குடுப்போம்." உன் தப்பை உன் கையெழுத்திலேயே நோட்டில் எழுதி, சாரிடம் கொண்டுபோய் நீட்டினாய். கத்தித் தீர்த்தார். எல்லாம் மறுபடி முதலிலிருந்து. பொதட்டூர்பேட்டையிலிருந்து உங்கள் நைனா போன் போட்டு, "இன்னும் எத்தினி நாளுமா எலி மேய்ப்பீங்க?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டாம் முறையும் தூள் போன எலிகளுக்கு மட்டும்தான் ஏறியது. அதனால் அதை நம்புகிறேன். அதனால்தான் இந்தப் பயமும்.

"இன்னாமா, வெசமா அது?" என்று நேற்று, நான் டியூபும் கையுமாக நிற்பதைப் பார்த்து அத்தை கேட்டார்.

"எலிக்குக் கெடுதல் பண்ணுச்சுங்க அத்தை. நாங்க குடுத்தது தினம், நெறைய, ரொம்பப் பொடி. இவ முழுங்கினது கொஞ்சூண்டு. இவளுக்கு ஆவுமான்னு எனக்குத் தெரியாது."

"அவ்ளோ படிச்சிட்டு தெரியாதுன்றியே."

"ஆங், தெரியாதுங்க. டாக்டராண்ட கேக்கணும்."

நீ போனதிலிருந்து பாப்பாவுக்கு உடம்பு லேசாகச் சுட்டாலும் உன் கடைசி நாட்கள்தான் கண்ணில் வரும். எந்தப் பயத்துக்கும் கரை தெரியாது. நேற்று மட்டும், தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வாய் வந்தது. அந்த வாய் உன்னுடையது.

பிறகு பாப்பாவை மடியில் உட்காரவைத்து, வெறும் தண்ணீரைக் கொடுத்துத் துப்பப் பழக்கினேன். இரண்டு முறை விழுங்கிவிட்டுச் சிரித்தாள். மூன்றாவது முறை துப்பினாள், என் புடவையிலேயே.