காற்றாலைக் கிணற்றுத் தண்ணீர்

அன்புள்ள அம்மாவுக்கு வெர்லீனா எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? ஆடுகளுக்கு முடி கத்தரித்தாயிற்றா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. ஓரிடத்தில் உட்கார்ந்தால்தான் இருப்புக் கொள்ளவில்லை.

செவ்வாயன்று நம் நவஹோ பழங்குடியின் சுற்றுச்சூழல் அலுவலக வண்டியில், பழைய யுரேனியச் சுரங்கத்துக்குக் கீழே இருக்கும் ஒரு வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டுக் கிணற்றைச் சோதித்த முடிவைச் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கும் நெஸ்பா என்ற அம்மாள்தான் இருந்தார். நான் குலம் சொன்னதும், "நம்ம கசப்புநீர்க் குலமா? அப்போ நான் உனக்குச் சின்னம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவசரக்காரி நான், "இந்தத் தண்ணியக் குடிச்சா உங்களுக்கு நோய் வரும்" என்று சொல்லிவிட்டேன்.

கையை விட்டுவிட்டார். "வாயால நோயக் கூப்பிடாதடி, சொன்னா வந்துரும். உங்கம்மா இதக்கூடச் சொல்லித் தரலையா?"

வெட்கமாகப் போய்விட்டது. வண்டிவரை நடந்து, திரும்பி வந்து, நோய் என்ற பேச்சே இல்லாமல் நம் முறைப்படி சொன்னேன். "லாரித் தண்ணி குடிக்கிறவங்க நல்லா இருக்காங்க, சின்னம்மா."

"இப்பத்தான் மனுஷி மாதிரி பேசுற" என்று சிரித்தார். அடுப்பிலிருந்த காபியை எடுத்துப் போய் மண்ணில் ஊற்றினார். பிறகு பட்டியைப் பார்த்துக்கொண்டே, "சரி, ஆட்டுக்கு யாரு சொல்றது?" என்றார்.

இங்கே கடை மாவு வாய்க்குப் பிடிக்கவில்லை. நம் நீலச் சோள மாவு கொஞ்சம் அனுப்புங்கள். கூடவே காற்றாலை இறைக்கும் நம் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர். எதற்கென்று கேட்க வேண்டாம். வெளியே வண்டி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன்.

கடைத் தண்ணீர் வாங்கிக் குடிக்கிறவர்கள் நன்றாக இருக்கிறார்கள், அம்மா.

உங்கள் வெர்லீனா