எறியாமல் வை

28.10.74, திங்கள்
காலையிலிருந்து மழை. கோடவுன் தரையில் ஓதம். அடி வரிசையில் துணி மில்லுக்குப் போகிற கஞ்சி மாவு மூட்டைகள், எல்லாம் கட்டி தட்டிப் பாழ்.

மதியம் இரும்பு ரேக் வந்து இறங்கியது. கால்கள், குறுக்குச் சட்டங்கள், பலகைகள். சட்டத்தைக் கால் ஓட்டையில் கொக்கியாக மாட்டினால் போதுமாம். இனி மூட்டை தரையில் கிடக்காது, லோடுமேன்களில் பாதிப் பேர் போதும் என்கிறார் மேனேஜர். "மெதுவா வைக்கத் தெரிஞ்சவன் இருப்பான். சனிக்கிழமை நானே நின்னு பார்க்கிறேன்."

நான் இங்கே கணக்கு எழுதுகிறவன். லோடுமேன் கூட்டத்தில் என் தம்பி ஏழுமலையும். அவன் எங்கே வைக்கிறான்? முதுகை ஒரு உதறு, மூட்டை போய் விழும். சின்ன வயசிலிருந்து அப்படித்தான்.

29.10, செவ்வாய்
ரேக் மாட்டுகிற வேலை. மாட்டுவது யார்? இதே லோடுமேன்கள். பாட்டு வேறு. மேல் தட்டில் உட்கார்ந்துகொண்டு ஏழுமலை, "ண்ணா, ஜோரா கீது பாரு." பளாரென்று ஒன்று விடலாம் போல இருந்தது.

வாங்க: மண்ணெண்ணெய், ஊசி நூல், தம்பி பெண்டாட்டி வள்ளிக்கு டானிக். ஏழு மாசம் அவளுக்கு.

31.10, வியாழன்
ரயில் வண்டி லேட். எங்கள் ஊர் ஆரம்பாக்கம் வந்ததும் முதல் வேலை, நெல் மூட்டையைக் கட்டில் மேல் மெதுவாக வைக்க ஏழுமலைக்குப் பயிற்சி. முதல் தடவையே கட்டில் கால் காலி.

என் மனைவி: "ஏன் தம்பி, புள்ள பொறந்தா அதையும் தொட்டில்ல வீசுவியா?"

வள்ளி சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. "முதுவு சொன்ன பேச்சு கேக்கல ண்ணா. வெக்கலாம்னு நெனைக்கசொல்லவே வீசிடுது."

மறுபடி, மறுபடி. கடைசியில் ஒழுங்காக வைத்தான். சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

2.11, சனி
தூறல். எல்லார் தலையிலும் மழைக்கு மடித்துப் போட்ட சாக்குக் கொங்காணி, முகம் தெரியவில்லை. மேனேஜர் முதுகுகளைத்தான் பார்த்தார். ஏழுமலை முட்டி மடக்கி அழகாகத்தான் வைத்தான். அடுத்த மூட்டையை வைக்கும்போது அவனுக்குப் பின்னால் நின்றவன் பழக்க தோஷத்தில், "ஹேய், உடு" என்று குரல் கொடுத்துவிட்டான். லோடு இறக்கும்போது எப்போதும் கொடுக்கிற குரல். தம்பி முதுகு உதறிவிட்டது. சட்டம் கொக்கியிலிருந்து எகிறி, தட்டு சாய்ந்து, மூட்டைகள் கீழே. யாருக்கும் அடி இல்லை.

வேலையிலிருந்து நின்றுபோகிறவர்கள் பெயரை என்னையே படிக்கச் சொன்னார் மேனேஜர். தம்பி பெயரையும் படித்தேன். அப்புறம் மேனேஜர் என்னிடம்: "ரேக்கைச் சாய்ச்சவன் இனிமே கேட்டுக்குள்ள வந்தான்னா, நீயும் வெளியதான்."

வண்டியில் ஏழுமலை: "உடு ண்ணா. நீ இன்னா பண்ணுவ."

7.11, வியாழன்
ஏழுமலை விடிந்ததும் கிளம்பிப் போகிறான். எங்கே என்று வள்ளிக்கும் சொல்வதில்லை. ராத்திரி அவன் முட்டியில் தேய்த்தே மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டது. கோடவுனில் ஒரே அமைதி, பிடிக்கவில்லை.

12.11, செவ்வாய்
மழை. மீதி ரேக் லாரியில் வந்தது. லாரியோடு வந்த கூலியாட்களில் ஒருவன் ஏழுமலை. தலையில் சாக்கு.

ஒவ்வொரு இரும்புக் காலையும் முட்டி மடக்கி இறக்கினான். சத்தமே இல்லை. குடையோடு நின்று பார்த்த மேனேஜர், "யாருய்யா அது? நம்ம ஆளுங்க ஒருத்தனுக்கும் இப்படி வைக்க வரலியே" என்றார்.

ஏழுமலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"லாரி ஆள் சார்" என்றேன்.